கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நான்கு விரல்

ஜூன் 3, திங்கள்

வேலையில் சேர்ந்துவிட்டேன். கம்பெனியின் பெயர் மவுண்ட்வியூ வெப் சொல்யூஷன்ஸ். கோவில்பட்டியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. மலை எதுவும் தெரியவில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது.

மேனேஜர் சிவனணைந்தபெருமாள் சார் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். பி.ஏ. இங்கிலீஷ் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. கடைசியில் என் விண்ணப்பத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"பேசுற வேலை இல்லம்மா. பயப்படாத" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரைப் பிடித்துப்போனது.

வேலை இதுதான். அமெரிக்காவில் ஒருவர் ஏதாவது பொருள் வாங்குவதற்கு முன்னால் எது நல்லது என்று இணையத்தில் தேடுவார். அப்போது எங்கள் பக்கம் அவர் கண்ணில் பட வேண்டும். அதைப் படித்து, அதிலிருக்கும் லிங்கை அழுத்தி அவர் வாங்கினால் கம்பெனிக்குக் கமிஷன்.

"நாய்த் தீனி ரோஸ்லின்கிட்ட இருக்கு. கைக்கொழந்தை மெத்தை அய்யாத்துரைகிட்ட இருக்கு. துப்பாக்கிக்கு மாட்டுற ஸ்கோப்புதான் ஆளில்லாம கெடக்கு. நீ எடுத்துக்கிறியா?"

தலையாட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய தலையாட்டல்தான். சார் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

மூன்று மாதம் பார்ப்பார்களாம். அதற்குள் நான் எழுதிய ஒரு பக்கமாவது தேடலில் முதல் இடத்துக்கு வந்து ஒரு மாதம் அங்கேயே நின்றால் வேலை நிரந்தரம். வராவிட்டால் அம்மாவோடு ஆபீசுக்குப் போக வேண்டியதுதான். அம்மா போவது தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் ஊர்ப்பக்கம் தீப்பெட்டி ஒட்டும் கம்பெனிக்கு ஆபீஸ் என்றுதான் பெயர்.

ஜூன் 5, புதன்

நான் யார் என்று இன்று சொன்னார்கள். என் பெயர் ஹாங்க் டாசன். வயது ஐம்பத்தெட்டு. இருபது வருடத்துக்கு மேல் ராணுவத்தில் இருந்தவன். இப்போது மொன்டானா மாநிலத்தில் பண்ணை வைத்திருக்கிறேன். நரைத்த தாடி, தோல் தொப்பி, தூரத்தைப் பார்க்கும் பார்வை. படத்தை எங்கிருந்தோ வாங்கியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் ஹாங்காக இருந்த பெண்ணுக்குத் தூத்துக்குடியில் கல்யாணம் ஆகிவிட்டது. அவளுக்கு முன்னால் இன்னொரு பெண். அந்த வகையில் இந்த ஆபீசில் எல்லோரையும் விட ஹாங்க்தான் சீனியர்.

ரோஸ்லின் அக்கா, டாக்டர் எமிலி. கால்நடை மருத்துவர். நாய்கள் மேல் உயிரையே வைத்திருப்பவர். அக்கா வருகிற தெருவில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும், அதனால் தினமும் மார்க்கெட்டைச் சுற்றி வருகிறார்.

அய்யாத்துரை அண்ணன், ஜெனிஃபர். மூன்று குழந்தைகளுக்குத் தாய். அண்ணனுக்கு இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மீசையை முறுக்கிக்கொண்டே, மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு தனக்கு எந்த மெத்தையில் முதுகுவலி போனது என்று டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏ கனி, இங்க நீதான் ஆம்பள, நான் பொம்பள. பஸ்ல எடமில்லன்னா நீ எந்திரிச்சு எனக்கு சீட்டு தரணும், தெரியும்ல?"

சிரித்துவிட்டேன். சத்தம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 8, சனி

என் முதல் கேள்வி: அண்மையிலிருந்து நடுத்தர தூரம் வரை சுட, செமி ஆட்டோமேட்டிக் ரைபிளுக்கு எந்த ஸ்கோப் வாங்கலாம்? ஸ்கோப் என்றால் குறி பார்ப்பதற்காகத் துப்பாக்கிமேல் மாட்டுகிற தூரக்கண்ணாடிக் குழாய்.

துப்பாக்கியைப் பக்கத்தில் பார்த்தது ஒரு தடவைதான். பேங்க் வாசலில் காவல்காரர் அதைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அது பரவாயில்லை என்றார் சார். தேடலில் முதலில் வரும் பத்துத் தளங்களைத் திறந்து படித்து, சொந்த வார்த்தையில் எழுதினால் போதும். படித்தேன். பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒரு ஸ்கோப்பின் எடையை எல்லோரும் ஒரே மாதிரித் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். முதலில் எழுதியவன் யாரைப் பார்த்து எழுதினானோ.

இருந்தாலும் விஷயம் பிடிபட்டது. செமி ஆட்டோமேட்டிக் என்றால் விசையை அழுத்தும்போதெல்லாம் ஒரு குண்டு போகும், அடுத்தது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கிட்டத்தில் சுடுபவருக்கு உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டாத, நடுவில் சிவப்புப் புள்ளி மட்டும் தெரிகிற ஸ்கோப் போதும். சட்டென்று குறி கிடைக்கும். நடுத்தர தூரத்துக்கு ஒன்றிலிருந்து நான்கு மடங்கோ ஆறு மடங்கோ கூட்டிக் குறைக்கிற மாதிரி வேண்டும். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்பவர் இந்த இரண்டாவது வகையை வாங்கி, கிட்டத்தில் ஒன்றில் வைத்துக்கொள்ளலாம். அநாவசியமாகப் பன்னிரண்டு மடங்கு வாங்கினால் பக்கத்தில் நிற்பதன் மயிர்தான் தெரியும்.

தூரத்தை எனக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொண்டேன். ஆபீஸ் படியிலிருந்து வாழைப்பழ வண்டி, அண்மை. பஸ் ஸ்டாண்ட் வாசல், நடுத்தரம். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ்ஸின் போர்டைப் படிக்க வேண்டுமென்றால் மூன்று மடங்கு.

எழுதி முடித்து, சரிபார்க்கிற மென்பொருளில் போட்டேன். காப்பி அடித்தது சிவப்பாக வரும், புதிதாக எழுதியது பச்சையாக வரும். எல்லாமே பச்சை, ஒரு பத்தி மட்டும் சிவப்பு. கண்ணுக்கும் ஸ்கோப்பின் கண்ணாடிக்கும் நடுவே மூன்று, நான்கு அங்குலம் இடம் விட வேண்டும் என்கிற பத்தி. மாற்றி எழுதினேன், சிவப்பு. திருப்பிப் போட்டேன், சிவப்பு. மூன்று அங்குலத்தை எப்படிச் சொன்னாலும் மூன்று அங்குலமாகவே இருக்கிறது.

"இன்னிக்கு ஆறு மணிக்குள்ள பச்சையாக்கும்மா. ஊர் ஒலகத்துல எவனும் சொல்லாததைச் சொல்லு" என்றார் சார்.

காலேஜில் கண் முகாம் நடந்தபோது டாக்டரம்மா மெஷினைக் காட்டி, கண்ணை நன்றாக ஒட்டி வை என்றது ஞாபகம் வந்தது. எழுதினேன்: "கண்ணைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். ஓரத்து இருட்டு மறைந்து படம் முழுதாகத் தெரியும். இது என் இருபது வருட அனுபவம்."

பச்சை.

ஜூன் 16, ஞாயிறு

வீட்டில் துணி துவைத்தேன். ஆட்டுக் கொட்டடி கூட்டினேன். அம்மா கேட்டாள், "ஆபீஸ்ல ஒனக்கு என்னதாம்த்தா வேலை?"

"எழுதுற வேலைம்மா."

"கணக்கா?"

"யோசனை சொல்றது. எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாதுன்னு."

"ஒங்கிட்டயா கேக்குறாக?" அம்மா ரொம்ப நேரம் சிரித்தாள். போன வாரம் எனக்கு எடுத்த சுடிதார்கூட அவள் தேர்ந்தெடுத்ததுதான்.

ஜூலை 18, வியாழன்

என் பக்கம் முதல் இடத்துக்கு வந்துவிட்டது!

சார் சுவீட்டும் காரசேவும் வாங்கிவரச் சொன்னார். பக்கத்தை அச்சடித்து, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, சந்தனம் குங்குமம் வைத்தார். கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டினார். ரோஸ்லின் அக்கா சிலுவை போட்டுக்கொண்டே சூடத்தைத் தொட்டுக் கும்பிட்டார்.

பிறகு நடை சாத்தினார்கள். அப்படித்தான் சொல்கிறார்கள். முதல் இடத்துக்கு வந்த பக்கத்தை அதற்குப் பிறகு யாரும் தொடக் கூடாது. சார் பாஸ்வேர்டை மாற்றிவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அய்யாத்துரை அண்ணன் மெத்தைப் பக்கத்தில் ஒரு கமாவை எடுத்தாராம். மறுநாளே பக்கம் எங்கோ போய்விட்டது. சார் திருச்செந்தூர் போய் மொட்டை போட்ட பிறகுதான் திரும்பி வந்ததாம்.

"எது அவனுக்குப் பிடிச்சுதுன்னு நமக்குத் தெரியாதும்மா. அதனால எதையும் தொடப்படாது" என்றார் சார். அவன் என்றது கூகிளை. கையை மேலே காட்டித்தான் சொன்னார்.

ஏன் பிடித்தது என்று எனக்குத் தெரிகிற மாதிரி இருந்தது. எவனும் சொல்லாத அந்த ஒரு வரிதான்.

ஜூலை 22, திங்கள்

இனி வாசகர் கருத்துகளைப் பார்ப்பது என் பொறுப்பு. நல்லதை வைக்க வேண்டும். திட்டுகிறதை நீக்க வேண்டும். பதில் எழுதினால் சார் பார்த்து அனுப்புவார்.

ஹாங்கை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. பஸ் போர்டு உதாரணத்தை நிறையப் பேர் பாராட்டியிருக்கிறார்கள். ஹாங்க் எதையும் ஒரு தடவைதான் சொல்கிறார். எல்லோருக்கும் கேட்கிறது.

ஒருவர் தன் புருவத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். எதற்கு என்று தெரியவில்லை. சிவப்பாக என்னவோ இருந்தது. முழுதாகப் பார்க்காமல் நீக்கிவிட்டேன்.

ஜூலை 25, வியாழன்

லொரெட்டா என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கன்சாஸ். கணவர் போன வருடம் இறந்துவிட்டார். கொஞ்சம் வெள்ளாடுகள் வைத்திருக்கிறார். ராத்திரியில் கயோட்டி வந்து குட்டிகளைத் தூக்கிப்போகிறதாம். கயோட்டி என்றால் நம்மூர் நரியை விட ஒரு சுற்றுப் பெரிது. கணவரின் மான் வேட்டைத் துப்பாக்கி இருக்கிறது, செமி ஆட்டோமேட்டிக். லொரெட்டா அதைத் தொட்டதே இல்லை. கொல்லைக் கதவிலிருந்து கொட்டடிவரைதான் தூரம். எந்த ஸ்கோப் வாங்கலாம்? "எத்தனையோ பக்கம் படித்தேன். நீங்கள் மட்டும்தான் என்னை முட்டாளாக நினைக்காமல் சொல்கிறீர்கள்" என்று முடித்திருக்கிறார்.

ஒன்றிலிருந்து நான்கு மடங்கு உள்ளதை, பெயர் போட்டுச் சொன்னேன். கூடவே, குட்டிகளை ராத்திரி தாயோடு விடாமல் பஞ்சாரத்தில் கவிழ்த்து மூடச் சொன்னேன். பஞ்சாரத்துக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. பெரிய கூடை என்று எழுதினேன்.

சார் பார்த்தார். "ஆட்டுக் கதையெல்லாம் எனக்கு எதுக்கும்மா? லிங்க் இருக்கா? இருக்கு. அனுப்பு."

ஜூலை 30, செவ்வாய்

லொரெட்டாவின் ஆடு ஒன்றுக்கு வயிறு உப்பிக்கொண்டதாம். டாக்டர் வர நேரமாகுமாம். டாக்டர் எமிலியிடம் கேட்டேன்.

"ஆத்தாடி, எனக்கு என்ன தெரியும்? நான் பாக்கெட்டுத் தீனிதான எழுதுறேன்" என்றார் ரோஸ்லின் அக்கா.

அம்மாவுக்கு போன் போட்டேன். முன்னங்காலை மேட்டில் நிறுத்தி, சமையல் எண்ணெய் கொஞ்சம் புகட்டி, இடது விலாவைத் தடவிக்கொண்டே இருக்கச் சொன்னாள். "யாரு வீட்டு ஆடுத்தா?" என்றாள். தெரிந்தவர்கள் வீட்டு ஆடு என்றேன். பொய் மாதிரித் தோன்றவில்லை.

மாலையில் ஆடு எழுந்து நின்றுவிட்டதாக லொரெட்டா எழுதினார். "ஹாங்க், உங்கள் தாயார் உங்களை நன்றாக வளர்த்திருக்கிறார்."

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்னொரு புருவம். இந்தத் தடவை தையல் போட்டிருந்தது. கீழே ஹாங்கின் தாயாரைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருந்தது. நீக்கினேன். அமெரிக்காவில் எல்லோருக்கும் எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது.

டீக்கு வடை நன்றாக இல்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

லொரெட்டா ஸ்கோப்புக்கு ஆர்டர் போட்டுவிட்டார். அடுத்த புதன்கிழமை வந்துவிடுமாம்.

டீ நேரத்தில் அய்யாத்துரை அண்ணன், பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் இருந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு தடவ சுட விட்டாங்க. சின்னத் துப்பாக்கிதான். பக்கத்துல ஒரு பட்டாளத்துக்காரரு பெரிசு வச்சிருந்தாரு. ஆசப்பட்டுக் கேட்டேன். குடுத்தாரு. ஒரு வாரம் தோள்பட்டையத் தூக்க முடியல."

"ஏண்ணே, அவ்வளவு கனமா?"

"கனமில்ல புள்ள. ஒதைக்கும். குண்டு முன்னால போற வேகத்துக்குத் துப்பாக்கி பின்னால வந்து இடிக்கும். ஹாங்கு, இதுகூடத் தெரியாமயா இருபது வருசம் பட்டாளத்துல இருந்த?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சினிமாவில் சுடுகிறவர்கள் யாரும் அசைவதே இல்லை.

மதியம் சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நீக்கிய இரண்டு புருவங்களையும் தேடி எடுத்து முழுதாகப் பார்த்தேன். தயிர் புளித்திருந்தது.

ஆகஸ்ட் 7, புதன்

சாரிடம் போனேன்.

"என்னம்மா?"

"சார், அந்தப் பக்கத்துல ஒரு வரி மாத்தணும்."

"எந்தப் பக்கத்துல?"

சுவரைக் காட்டினேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. சாருக்கு முகம் மாறிவிட்டது.

"நடை சாத்துன பக்கம்மா அது."

"கண்ணை ஒட்டி வைக்கச் சொல்லி எழுதிட்டேன் சார். துப்பாக்கி பின்னால இடிக்குமாம். ஸ்கோப்போட வளையம் வந்து புருவத்தைக் கிழிக்கும். கண்ணே போயிரும் சார்."

"யாரு கண்ணு?"

"படிக்கிறவங்க கண்ணு."

"அவங்க அமெரிக்காவுலதான இருக்காங்க? அங்க கண்ணாஸ்பத்திரி எல்லாம் பிரமாதமா இருக்கும்மா" என்றார் சார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, என்ன மாற்ற வேண்டும் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அதை மென்பொருளில் அடித்தார். சிவப்பு. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாத்தியா? உன் திருத்தம் பூராவும் செவப்பு. நீ சொல்றது உண்மைதாம்மா, நான் இல்லங்கல. ஆனா ஏற்கெனவே எல்லாரும் சொல்லியாச்சே. இதை வச்சா நாளைக்கு நம்ம பக்கம் எங்க போகும், உன் வேலை எங்க போகும்?"

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

லொரெட்டாவுக்கு, கண்ணை ஒட்டி வைக்காதீர்கள் என்று ஒரு வரி பதில் எழுதினேன். சார் நீக்கிவிட்டார்.

ஆகஸ்ட் 10, சனி

லொரெட்டா எழுதியிருக்கிறார். ஸ்கோப் வந்ததும், ஹாங்க் சொன்னபடியே கண்ணை நன்றாக ஒட்டி வைத்துச் சுடுவாராம். ஸ்கோப்பை மாட்டித்தரப் பக்கத்துப் பண்ணைக்காரர் வருகிறாராம். நடுவில் ஒரு கேள்வி: புதிதாக ஒரு கிடாய் வாங்கியிருக்கிறார், முரட்டுக் கிடாய், எப்படிப் பழக்குவது?

அந்தக் கேள்வியைப் பலமுறை படித்தேன். பிறகு உட்கார்ந்து எழுதினேன். முதல் பத்தியில் ஸ்கோப்பின் பெயரும் லிங்கும். கடைசிப் பத்தியில் துடைக்கிற துணியும் அதற்கு லிங்கும். நடுவில் கிடாய்.

"கிடாய்க்குத் தீனி வைக்கும்போது முகத்தை அதன் நெற்றிக்கு ஒட்டிக் கொண்டுபோகாதீர்கள். கோபத்தில் முட்டுவதில்லை, அதன் சுபாவமே அது. உங்கள் நான்கு விரலைச் சேர்த்து வைத்தால் எவ்வளவு அகலமோ, அவ்வளவாவது இடம் விடுங்கள். லொரெட்டா, உங்கள் கணவரின் துப்பாக்கியும் ஒரு கிடாய். குண்டை முன்னால் அனுப்பிவிட்டு அது பின்னால் வந்து முட்டும். ஸ்கோப்பின் கண்ணாடிதான் அதன் நெற்றி. நான்கு விரல் இடம் விட்டும் படம் முழுதாகத் தெரிகிற மாதிரி ஸ்கோப்பை முன்னே தள்ளி மாட்டப் பண்ணைக்காரரிடம் சொல்லுங்கள். துப்பாக்கியின் கட்டையைத் தோளில் இறுக்கி அணையுங்கள். என் பக்கத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கும். அதை எழுதியபோது எனக்குக் கிடாயைத் தெரியாது."

சார் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். நடுவில் மவுஸ் சக்கரத்தை வேகமாக உருட்டினார்.

"மறுபடி ஆடா? அந்தம்மாவுக்கு வேற வேலையே கெடையாதா?" என்று அனுப்பிவிட்டார்.

ஆகஸ்ட் 14, புதன்

இன்று ஸ்கோப் வந்திருக்கும். பதில் இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

லீவு. கொட்டடியில் எங்கள் கிடாய்க்குத் தின்ன வேப்பங்குழை கட்டினேன். "என்னத்தா, எட்ட நின்னு கட்டுற? புதுசா பயம்?" என்றாள் அம்மா.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலையில் வந்து பையைக்கூட வைக்கவில்லை, சார் கூப்பிட்டார். லொரெட்டாவின் கருத்து அவர் திரையில் இருந்தது.

"ஹாங்க், உங்கள் கிடாய் யோசனையை இரண்டு தடவை படித்தேன். நான்கு விரல் விட்டேன். கிடாய் முட்டத்தான் செய்தது. தோள் கன்றிப்போனது. புருவம் ஆண்டவன் வைத்த இடத்திலேயே இருக்கிறது. கயோட்டி தப்பிவிட்டது, தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை விழுந்துவிட்டது. ஆனாலும் அது மூன்று நாளாக வரவில்லை. ஒன்று கேட்கிறேன். உங்கள் பக்கம் இன்னும் கண்ணை ஒட்டி வைக்கத்தானே சொல்கிறது? எனக்கு ஆடு இருந்தது, தப்பித்தேன். ஆடு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?"

நனைந்த கண்ணாடி வழியாகப் பார்த்த மாதிரி எனக்கு எல்லாம் கலங்கித் தெரிந்தது. துடைத்துக்கொண்டேன்.

"என் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டியேம்மா. ஆட்டுக்குள்ள வச்சு அனுப்பியிருக்கியே!" என்றார் சார். "இதை எடுத்துட்டு ஒழுங்கா..."

"பக்கத்தை மாத்துங்க சார்."

ரோஸ்லின் அக்கா எழுந்து நின்றுவிட்டார். அய்யாத்துரை அண்ணன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். அப்போதுதான் தெரிந்தது, நான் சொன்னது கேட்டிருக்கிறது.

"மாத்துனா செவப்பு வரும்னு அன்னைக்கே காட்டுனேனா இல்லையா?"

"ஒட்டி வைக்கச் சொன்னது நான் சார். இனிமே ஒரு புருவத்தையும் நீக்க மாட்டேன். வர்றதெல்லாம் அந்தப் பக்கத்துலயே இருக்கட்டும். இல்லன்னா என்னை அனுப்பிருங்க."

"இந்தா, நீயே பாரு. பாத்துட்டு ஒன் பையத் தூக்கிட்டுப் போ" என்று கோபமாக அந்தப் பத்தியை அடித்தார். மூன்று, நான்கு அங்குலம் இடம் விடுங்கள்.

பச்சை.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அடித்தார். பச்சை. அய்யாத்துரை அண்ணன் வந்து குனிந்து பார்த்தார். மற்ற தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். பத்திலும் மூன்று அங்குலத்தைக் காணோம். "விழியைக் கண்ணாடிமேல் பதியுங்கள்." "புருவத்தால் வளையத்தைத் தொடுங்கள்." "இடைவெளியே கூடாது, இது என் முப்பது வருட அனுபவம்." எங்கள் பக்கம் முதல் இடத்தில் இருந்ததால் பத்துப் பேரும் எங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு என்னை விடப் பத்து வருடம் அனுபவம் கூடுதல்.

சாரின் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஏம்மா, இது ஒலகத்துலயே யாரும் சொல்லாத விஷயம்மா!" என்றார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சார் குளித்து விபூதி பூசி வந்து, சூடம் காட்டி நடை திறந்து, அவர் கையாலேயே வரியை மாற்றினார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, கனி மாதிரிப் புதிதாக யோசிக்க வேண்டும் என்றார். வேலை நிரந்தரம். அய்யாத்துரை அண்ணன், "பிள்ளைகளுக்கு எதாச்சும் வாங்கிக் குடு ஹாங்கு, மூணும் அழுகுது" என்றார். காரசேவு வாங்கிக் கொடுத்தேன்.

அம்மா அவள் ஆபீசில் மிட்டாய் கொடுத்தாளாம். மகளுக்கு எதற்காக நிரந்தரம் ஆனது என்று அவர்கள் கேட்டதற்கு, "யோசனை சொல்றதுக்கு" என்றாளாம்.

ஆகஸ்ட் 28, புதன்

பக்கம் கீழே போகவில்லை. ஆனால் அந்தப் பத்துத் தளங்கள் அப்படியேதான் இருக்கின்றன. போன வாரம் பத்திலும் சாதாரண வாசகராகக் கருத்துப் போட்டேன். கண்ணை ஒட்டி வைக்காதீர்கள், துப்பாக்கி பின்னால் இடிக்கும், என் புருவத்தில் தையல் போட்டிருக்கிறது என்று. ஒன்றுகூட மறுநாள் இல்லை. ஒன்று டீ நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. வேகமான பெண்ணாக இருக்க வேண்டும்.

மறுபடி போட்டேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஒரு தளம் மட்டும் நீக்கவில்லை. அங்கே எழுதுபவர் வெய்ன் கார்ட்டர். டெக்சாஸ், முன்னாள் போலீஸ், தாடியில்லை, மீசை மட்டும். பதில் போட்டிருந்தார்: "தங்கள் கருத்துக்கு மிக்க நன்றி. தங்கள் புருவம் விரைவில் குணமடைய எங்கள் குழுவின் சார்பில் பிரார்த்திக்கிறோம்."

டெக்சாஸ் போலீஸ்காரர் இப்படி எழுத மாட்டார் என்று தோன்றியது. அவருடைய பக்கத்தை முழுதாகப் படித்தேன். சிவப்புப் புள்ளி ஸ்கோப்பின் சிறப்புகளில் ஒன்றாக, கரண்ட் போனாலும் புள்ளி எரியும் என்று எழுதியிருந்தார்.

இங்கிலீஷ் எழுத்தில் தமிழில் அடித்தேன். "அந்த வரி தப்பு. உங்களுக்குப் புரிகிறதா?" கீழே கனி என்று என் பெயரையே போட்டேன்.

மதியம்வரை ஒன்றுமில்லை. சாப்பிட்டுக் கைகழுவி வந்து பார்த்தால் பதில் இருந்தது. என் மெயிலுக்குத் தனியாக எழுதியிருந்தார்.

"அக்கா, நீங்க எந்த ஊரு? நான் பரமக்குடி, பேரு நாகஜோதி. வரி தப்புன்னு எனக்கும் தெரியும். வர்ற புருவமெல்லாம் நாந்தான் எடுக்கேன். எங்க சார் பக்கத்துல கை வைக்க விடமாட்டாரு. ஒருத்தர் துப்பாக்கி வாங்கிட்டேன், நாளைக்குச் சுடப் போறேன்னு எழுதியிருக்காரு. என்னக்கா செய்ய?"

சார் அறையில் போன் பேசிக்கொண்டிருந்தார். வேகமாக அடித்தேன்.

"அவர் ஆடு வளர்க்கிறாரா?"

"ஆடு இல்லக்கா. கோழிதான் வச்சிருக்காராம்."

கொஞ்சம் யோசித்தேன்.

"கோழி போதும். அதுவும் கொத்தும். எழுதிக்கோ, சொல்றேன்."